தபாலைச் சுமக்காத ஸ்டாம்ப்

கேள்வி: தாத்தாவின் ஆல்பத்தில் ஒரு பழைய அமெரிக்க ஸ்டாம்ப் இருக்கிறது. கிறிஸ்துமஸ் படம், ஓரத்தில் இரண்டு குறுக்குக் கோடு போட்ட சிவப்புச் சிலுவை. விலையே அச்சிடவில்லை. போலியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: போலி இல்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அது காசநோய் நிதிக்காக விற்ற ஸ்டாம்ப். அந்த இரட்டைக் குறுக்குச் சிலுவை உலகம் முழுக்கக் காசநோய் எதிர்ப்பின் அடையாளம். தபால் கட்டணத்துக்கு இது செல்லாது, அதற்குத் தனியாகத்தான் ஒட்ட வேண்டும்.

இதை முதலில் யோசித்தவர் டென்மார்க் தபால் ஊழியர் ஐனார் ஹோல்பெல். 1903 கிறிஸ்துமஸ் சமயத்தில் மலையாகக் குவிந்த வாழ்த்து அட்டைகளைப் பார்த்தவருக்கு, ஒவ்வொன்றிலும் இன்னொரு குட்டி ஸ்டாம்ப் ஒட்டினால் நோயாளிகளுக்கு எவ்வளவு பணம் சேரும் என்று தோன்றியிருக்கிறது. 1904இல் ராணி லூயிஸ் படத்தோடு வெளியிட்டார்கள், முதல் வருடமே 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

அப்புறம் அமெரிக்கா. 1907இல் டெலவேரில் ஒரு சின்ன காசநோய் விடுதி 300 டாலர் இல்லாமல் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. எமிலி பிஸல் என்ற பெண்மணி தானே படம் வரைந்து, 40 டாலர் கடன் வாங்கி, 50,000 ஸ்டாம்ப் அச்சடித்து, வில்மிங்டன் தபால் நிலையத்தில் ஒன்று ஒரு சென்ட் என்று விற்க உட்கார்ந்தார். 25 ஸ்டாம்ப் போட்ட சின்னக் கவரின் மேல், ‘இது எந்தத் தபாலையும் சுமக்காது, ஆனால் எந்தத் தபாலும் இதைச் சுமக்கும்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது. முதலில் விற்பனை மந்தம்தான். ஃபிலடெல்ஃபியா பத்திரிகை ஒன்று கையில் எடுத்ததும் சூடுபிடித்து, கடைசியில் சேர்ந்தது சுமார் 3,000 டாலர், கேட்டதைப் போலப் பத்து மடங்கு.

அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது, ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943இல்தான். மாதக்கணக்கில் ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, இவ்வளவுதான் வைத்தியம். ஏழை வீட்டில் இதற்கு எங்கே போவார்கள்? அந்த ஒரு சென்ட் போய்ச் சேர்ந்தது இங்கேதான். நம் ஊரிலும் அக்டோபர் 2ஐ ஒட்டிப் பள்ளிகளில் டி.பி. ஸ்டாம்ப் விற்பார்கள், உங்கள் வீட்டிலேயே யாராவது வாங்கியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

சரி, ஒரு விஷயம்: ஸ்டாம்ப் பழைய கவரோடு ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டாம். தபால் முத்திரை அதன் மேலும் விழுந்திருந்தால் கவரோடு அப்படியே வைத்திருங்கள், சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான்.