றலியும் தவணை மின்விசிறியும்

அன்புள்ள அண்ணைக்கு,

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். வவுனியாவில் பெரியம்மா வீட்டுக் கோடியைத் துப்புரவாக்கியபோது அப்பாவின் றலி சைக்கிள் வெளியே வந்தது. 2006 இல் ஏ9 பாதை பூட்டுவதற்கு முதல் அப்பா அங்கே விட்டுவிட்டு வந்தது. அதனால் தப்பியது. இங்கே நின்றவை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவும் இப்போது இல்லை. துடைத்துப் பார்த்தால் முன்குழாயில் கொக்குத் தலை வில்லைகூட அப்படியே இருக்கிறது. செயின் பெட்டி நெளியவில்லை.

அதே கிழமை நாங்கள் தவணைக்கு எடுத்த மேசை மின்விசிறி நின்றுபோனது. வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. "இதுக்குச் சாமான் வராது தம்பி, புதுசு எடுங்கோ" என்கிறார் கடைக்காரர். இன்னும் இரண்டு தவணை கட்டக் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் மனச்சாட்சியோடு செய்தார்கள். நாங்களும் பொருளாதாரத் தடைக்காலத்தில் எதையும் எறியாமல் திருத்தித் திருத்திப் பாவித்தோம். அந்த வாழ்க்கைதான் நல்லதென்று இப்போது படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? றலியை ஓட வைப்பதா, விறாந்தையில் தொங்க விடுவதா? மனைவி தொங்க விடச் சொல்கிறா.

ஒரு வாசகர்,
விசுவமடு

அன்பான தம்பிக்கு,

சைக்கிளுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தத் தடைக்காலம். 1990 இல் தொடங்கி 2002 இல் பாதை திறக்கும்வரை இருந்த நிலைமையை நீங்கள் "நல்ல வாழ்க்கை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளை என்று நினைக்கிறேன். பற்றறி இல்லை, சீமெந்து இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், ஒரு நூல் திரி வைத்துப் படித்த பிள்ளைகளைப் பற்றி இப்போது பெருமையாக எழுதுகிறார்கள். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்ததையும் சேர்த்து எழுதவேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். மோட்டார் சைக்கிளை ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பிளக் கரிபிடித்து நடுவழியில் நிற்கும், கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப உதைக்க வேண்டும். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடையில் ஒரு சோடி பற்றறி கிடைத்திருந்தால் ஒருவரும் பெடல் சுற்றியிருக்க மாட்டார்கள். வேறு வழியில்லாமல் செய்ததைக் கொள்கையாக ஆக்காதீர்கள்.

மனச்சாட்சி விஷயமும் அப்படித்தான். 1924 இல் ஜெனீவாவில் பிலிப்ஸ், ஒஸ்ராம் உட்பட பெரிய பல்ப் கம்பனிகள் கூடி ஒரு உடன்படிக்கைக்கு வந்தன. அதுவரை 1500, 2000 மணித்தியாலம் எரிந்த பல்ப், இனி 1000 மணித்தியாலம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரிகிற பல்ப் செய்த கம்பனிக்குத் தண்டம். ஃபீபஸ் கூட்டு என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். உங்கள் அப்பா பிறப்பதற்கே முந்திய கதையாக இருக்கும். ஆகவே அந்தக் காலத்து முதலாளிகளுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டாம். அப்போது செய்த உதவாத சாமான்களும் ஏராளம். அவை உடைந்து மண்ணோடு போய்விட்டன, நல்லவை மட்டும் கண்ணுக்கு முன் நிற்கின்றன. விலையையும் பாருங்கள். அந்த நாளில் ஒரு வீட்டுக்கு றலி வருவதென்றால் இப்போது உழவு மெஷின் வருகிற மாதிரி.

வன்னியில் இன்னொரு சல்லடையும் இருந்தது. எத்தனை நன்றாகச் செய்த சாமானாக இருந்தாலும், 2009 இல் இடம்பெயரும்போது காவ முடியாதது போய்விட்டது. முதிரை அலுமாரி, தேக்கங் கட்டில், பெட்டி றேடியோ எல்லாம். அப்புறம் கொஞ்ச வருடம் லொறி லொறியாகப் பழைய இரும்பு தெற்கே போனது. அந்தக் குவியல்களில் சைக்கிள் சட்டங்கள்தான் நிறைய. எத்தனை றலி அதற்குள் போயிருக்கும்.

தப்பியதில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று தருமபுரத்தில் ஒரு அக்கா வீட்டில் இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்த சிங்கர் தையல் மெஷின். மிதி மெஷினின் தலை இரண்டு பிணைச்சல் ஊசிகளில்தான் குந்தியிருக்கும். பின்னாலுள்ள இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் தனியாக வந்துவிடும். இடம்பெயர முதல் அவ அதைக் கழற்றி, கிறீஸ் அப்பி, உரப் பையால் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனா. மீள்குடியேறி வந்து கிண்டி எடுத்தபோது சக்கரம் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தா. எண்ணெய் விடுகிற துவாரம் ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தி, ஊறிய கறளை இறகால் வழித்து, தினமும் சக்கரத்தை ஒரு மயிரிழை ஆட்டிப் பார்த்தா. ஒருநாள் சுற்றியது. மேலே பொன்னிற எழுத்துப் படம் பாதி உரிந்துவிட்டது, தையல் ஒரு நூல் பிசகவில்லை. மிதி கிடைக்கவில்லை. அதனால் கைபிடிச் சக்கரம் பூட்டித் தைக்கிறா.

இரும்பு தடிப்பு என்பதற்காக மட்டும் அது பிழைக்கவில்லை. திருகாணியைத் திருப்பினால் திறக்கும். திறந்தால் எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், கிளிநொச்சிச் சந்தையில் இன்றைக்கு வாங்குகிற சாதாரண வீட்டு மெஷின் ஊசி அதற்கும் பொருந்தும். ஊசியின் அளவை யாரும் மாற்றவில்லை. யாரோ மாற்றியிருந்தால் அக்காவின் உழைப்பெல்லாம் வீண், மெஷின் காட்சிப் பொருள். நீங்கள் ஏங்க வேண்டியது இதற்குத்தான் என்பது என் அபிப்பிராயம். திறக்கலாம், உதிரிப்பாகம் கிடைக்கும், திருத்துகிறவருக்கு அதில் பிழைப்பு இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் புதுச் சாமானும் நிலைக்கும். இவை இல்லாவிட்டால் மனச்சாட்சியோடு செய்ததும் குப்பைதான்.

இதைச் சட்டமாகக் கேட்கலாம். பிரான்ஸில் கைபேசி, தொலைக்காட்சி, சலவை மெஷின் போன்றவற்றுக்கு, திருத்துவது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு ஒரு புள்ளி போட்டுக் கடையிலேயே காட்டவேண்டும் என்று 2021 இல் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. எங்கள் கடைகளில் தவணை எவ்வளவு என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. சாமான் முடிந்தபிறகும் தவணை ஓடுகிற வீடுகள் இங்கே எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்தமுறை விலை கேட்க முதல் "இதுக்கு உதிரிப்பாகம் வருமோ?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கொழும்புக்கு ஃபோன் போட்டுக் கேட்பார்.

சரி, றலி. ஓட வையுங்கள். தொங்க விட்டால் தூசிதான் பிடிக்கும், அக்காவின் மெஷின் மாதிரி அதுவும் வேலைக்குச் செய்ததுதானே. 28 அங்குலச் சில்லு என்றால் டயர், ரியூப் பிரச்சினை இல்லை, இங்கே ஓடுகிற பெரிய சைக்கிள்களின் அளவுதான். ஒன்றில் மட்டும் கவனம். பெடல் தண்டு சுற்றுகிற குழாயின் இரண்டு பக்கக் கப்களுக்கும் றலிக்காரர் தங்களுக்கென்றே ஒரு புரி வைத்தார்கள், அங்குலத்துக்கு 26. மற்ற இங்கிலாந்துச் சைக்கிள்களுக்கு 24. பார்த்தீர்களா, வேறு கம்பனிச் சாமான் பூட்டவிடாத வேலை அப்போதே இருந்திருக்கிறது! கடைப் பொடியன் புதுக் கப்பை வைத்து முறுக்கினால் சட்டத்தின் புரி செத்துவிடும், பிறகு சரிக்கட்டுவது பெரும்பாடு. பழைய கப்களையே கழுவிப் போடச் சொல்லுங்கள், பெயரிங் போல்ஸை மட்டும் மாற்றினால் போதும். கால் அங்குலப் போல்ஸ், பக்கத்துக்குப் பதினொன்று. பெடல் கையைப் பிடிக்கிற ஆப்பு ஆணியைக் கழற்றும்போது கீழே கட்டையால் முண்டு கொடுத்து அடிக்க வேண்டும், சும்மா அடித்தால் வளையும்.

மின்விசிறியையும் எறிய அவசரப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு இதழைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தண்டைத் தாங்குகிற புஷ் காய்ந்திருக்கிறது, இரண்டு துளி மெஷின் எண்ணெய். லேசாகச் சுற்றினால், அனேகமாகக் கப்பாசிட்டர் போயிருக்கும். றேடியோ திருத்துகிறவரிடம் கொடுங்கள், மேலே அச்சடித்திருக்கிற அளவிலேயே வேறொன்று போட்டுத் தருவார். அந்த இரண்டு தவணையும் முடிய முதல் சுற்றினாலும் சுற்றும்.

அன்புடன்,
அண்ணை