மொட்டைமாடி மழைமானியும் உலக வலையமைப்பும்

கேள்வி: வீட்டில் நிறுவியுள்ள சிறு வானிலை நிலையத்தின் பதிவுகளை இணையத்தில் பகிர்வதால் பயன் உண்டா? (வாசகர், தேனி)

பதில்: நிச்சயமாக உண்டு. 1997 ஜூலையில் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரின் ஒரு பகுதியில் வெள்ளம் பெருகும் அளவுக்குக் கொட்டிய மழை, சில மைல் தள்ளி மிகக் குறைவாகவே பெய்திருந்தது. இத்தகைய வேறுபாடுகளைப் பதிவுசெய்யவே மறு ஆண்டில் ‘கோகோராஸ்’ என்னும் தன்னார்வலர் வலையமைப்பு தொடங்கப்பட்டது. மழையில்லாத நாளிலும் பூஜ்யம் என்று பதிவிடுமாறு அவர்கள் வலியுறுத்துகிறார்கள். வெற்றிடமாக விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்பது பின்னாளில் வறட்சியை ஆராய்பவருக்குத் தெரியாமலே போய்விடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையைப் போலக் காலை 8.30 மணிக்கே நீங்களும் அளந்தால் ஒப்பிடுவது எளிது. பதிவுகளைப் பகிரும் இணையதளங்களின் விதிகள் மாறக்கூடும் என்பதால், கருவியை இடம் மாற்றிய தேதிகளையும் குறித்து, மாதந்தோறும் ஒரு பிரதியை உங்கள் கணினியிலும் சேமித்து வையுங்கள்.