ஆண்ட்ரோமெடாவின் சுருள் கைகள் ஏன் தெரியவில்லை?

கேள்வி: 70 மி.மீ. டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். எந்த கேலக்ஸியைப் பார்த்தாலும் சாம்பல் நிறத்தில் நீள்வட்டமாக ஒரு திட்டுதான் தெரிகிறது. ஆண்ட்ரோமெடாவும் அப்படியே. அது சுருள் கேலக்ஸி என்றுதானே படித்தோம்? டெலஸ்கோப்பில் கோளாறா? உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ் வாங்கிப் போட்டால் கைகள் தெரியும் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் டெலஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் பார்த்தது ஆண்ட்ரோமெடாவின் பிரகாசமான நடுப்பகுதி. கைகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றின் ஒளி மிக மங்கல். போதாக்குறைக்கு அந்த கேலக்ஸியின் தட்டு நேராக நம்மைப் பார்க்காமல் ஏறக்குறைய 77 டிகிரி சாய்ந்து கிடக்கிறது. வட்டத் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டமாகத்தானே தெரியும்!

நிஜமான நீள்வட்ட கேலக்ஸியும் உங்கள் பார்வைப் புலத்திலேயே இருக்கிறது. ஆண்ட்ரோமெடாவின் நடுவுக்குச் சற்றுத் தள்ளி, கலங்கிய நட்சத்திரம் போல ஒரு புள்ளி தெரியும். அதுதான் எம்32 என்ற சிறிய கேலக்ஸி. எவ்வளவு பெரிய கருவியில் பார்த்தாலும் அதில் கைகள் கிடையாது. வயதான நட்சத்திரங்களின் திரட்சி அது. ஆக, திட்டின் வடிவத்தை வைத்து மட்டும் வகையைச் சொல்லிவிட முடியாது. எம்82 என்ற இன்னொரு கேலக்ஸியை எங்கள் துறையிலேயே வெகுகாலம் ஒழுங்கற்ற வகையில் சேர்த்திருந்தார்கள். 2005-இல் அகச்சிவப்புப் படங்களில்தான் அதன் சுருள் கைகள் பிடிபட்டன.

இனி அந்த பார்லோ விஷயம். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் இருக்கிற ஒளிதான் பரவும். ஊத ஊத வெளிறும் பலூனைப் போலத் திட்டு இன்னும் மங்கும். 70 மி.மீ. கருவிக்கு 140 மடங்குதான் உச்சவரம்பு. பெட்டியில் 500, 600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது விற்பவரின் கணக்கு, ஒளியியல் கணக்கு அல்ல. அதே பெட்டியில் வண்ண வண்ணமாகச் சுருள் கேலக்ஸி படம் வேறு! பெரிய கருவியில் கேமராவைப் பொருத்தி மணிக்கணக்கில் ஒளி சேர்த்து எடுக்கிற படங்கள் அவை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறமே தெரியாது. ‘இந்தக் கருவியில் இப்படித் தெரியாது’ என்று ஒரு வரி அச்சிட வைக்க இத்தனை ஆண்டுகளில் ஆள் இல்லை. பாடப்புத்தகம் எழுதுவோர் மட்டும் என்ன? கேலக்ஸி வகைகளை வானியலாளர் ஹப்பிள் வரிசைப்படுத்திய இசைக்கவை வடிவ வரைபடத்தைப் போட்டு, நீள்வட்டம் வளர்ந்து சுருளாகும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்ள விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு சுருள் கேலக்ஸிகள் மோதி ஒன்றானால்தான் பெரும்பாலும் நீள்வட்டம் பிறக்கிறது.

கைகளைக் கண்ணால் பார்க்கவே முடியாதா என்றால், விதிவிலக்கு ஒன்று உண்டு: எம்51 என்ற சுருள் கேலக்ஸி. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனி நட்சத்திரத்துக்கு அருகே இருக்கிறது. அதன் தட்டு கிட்டத்தட்ட நேராக நம்மைப் பார்த்திருப்பதுதான் காரணம். 1845-இல் அயர்லாந்தில் வானியலாளர் ரோஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட டெலஸ்கோப் வழியே பார்த்து அதன் சுருளை வரைந்தார்; கேலக்ஸி ஒன்றில் சுருள் வடிவம் தெரியவந்தது அப்போதுதான். இன்று 8 அங்குலக் கருவியிலேயே கைகளின் சாயல் தட்டுப்படும். ஆனால் நிலா இருக்கக் கூடாது. நகர வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும். எம்51 நன்றாக உச்சிக்கு ஏறியிருக்க வேண்டும். அரை மணி நேரம் செல்போன் பக்கமே திரும்பாமல் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, பிறகு நேராக முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இரண்டு திட்டுகள்தான் மிஞ்சும். ஒன்று எம்51, மற்றது அதன் துணை. உங்கள் 70 மி.மீ. கருவியில் அந்த இரண்டும் கிடைத்தாலே நல்ல இரவு.

கையில் இருக்கும் ஐபீஸ்களில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்களில்) மி.மீ. எண் பெரியதாக உள்ளதைப் போடுங்கள், 25 அல்லது 20. அதுதான் குறைந்த உருப்பெருக்கம் தரும். ஆண்ட்ரோமெடா வானில் ஆறு முழுநிலா அகலத்துக்கு நீள்கிறது. பார்லோவைப் போட்டால் நடுத்திட்டைத் தவிர மற்றதெல்லாம் பார்வைக்கு வெளியே போய்விடும்.