20,000 ரூபாய்க்குள் ரைஃபிள்: .177 போதும், மிச்சக் காசுக்கு பெல்லட் வாங்குங்கள்

கேட்டவர் குன்னூர் பக்கம் இருக்கிறாராம். வேட்டை கீட்டை எதுவும் கிடையாது, பேப்பர் டார்கெட்டில் சுட்டுப் பழகவேண்டும், பட்ஜெட் 20,000 ரூபாய், .177 எடுப்பதா .22 எடுப்பதா (இது காலிபர், அதாவது குழலின் உள் விட்டம், அங்குலக் கணக்கில்), எந்த ரைஃபிள் என்பதுதான் கேள்வி.

.177 எடுங்கள். உள்நாட்டுத் தயாரிப்பு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், ஸ்கோப் (மேலே மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி) வேண்டாம், பட்ஜெட்டில் பாதி அளவுக்கு துப்பாக்கி, மிச்சம் பெல்லட்டுக்கு, அதாவது ஏர் கன்னில் போடும் குட்டி ஈயக் குண்டுக்கு. பதில் அவ்வளவுதான், அவசரமாக இருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் இதே விஷயத்தில் ஒருமுறை காசை விட்டவன் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

முதலில் இந்த "பாயிண்ட் டூ டூ" குழப்பம். நம் ஊரில் அந்தப் பேரில் இரண்டு வேறு வேறு சாமான்கள் ஓடுகின்றன. ஒன்று, என்சிசி-யில் இருந்தவர்களுக்குத் தெரியும், நிஜத் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிள். இன்னொன்று 5.5 மி.மீ. பெல்லட் போடும் ஏர் கன், அதையும் .22 என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்குமே லைசென்ஸ் வேண்டும். தோட்டாத் துப்பாக்கிக்கு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த .22 ஏர் கன்னுக்கும் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள, ஏர் ரைஃபிளின் குழல் .177-க்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, சக்தி 20 ஜூலுக்குள் இருக்கவேண்டும். இதில் ஏதாவது ஒன்று தாண்டினாலும் அது லைசென்ஸ் கணக்கில் வந்துவிடும். எனவே "லைசென்ஸ் இல்லாமல் .22 ஏர் கன் அனுப்புகிறோம்" என்று யாராவது ஆன்லைனில் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். .177 வாங்கும்போதும் அடையாள அட்டை நகல் கொடுத்து, பில் வாங்கி, அந்த பில்லை துப்பாக்கிப் பையிலேயே வையுங்கள். மலைக்கு ஏறும்போது செக்போஸ்டில் நிறுத்திக் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

தோட்டா ரைஃபிளே வேண்டுமென்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும், கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, துப்பாக்கியைப் பூட்டி வைக்க இடம், அப்புறம் வருஷத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று ஒரு கணக்கு. எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இதையெல்லாம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அது வராது. துப்பாக்கி விலையை எப்படியோ சமாளித்தாலும் ஒரு .22 தோட்டாவின் விலை ஒரு பெல்லட்டைப் போலப் பல மடங்கு, பழகுவதற்கு அது கிடைக்கவும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால் உங்கள் பக்கத்து அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரி 100 வருஷத்துக்கும் மேலாக வெடிமருந்து செய்துகொண்டிருக்கிறது, அதன் சங்கு கேட்டு எழுந்திருக்கிற நமக்கு ஒரே ஒரு தோட்டா வாங்க இத்தனை படி ஏறவேண்டியிருக்கிறது. சரி, அது அப்படித்தான் இருக்கவேண்டும், விடுங்கள்.

".177 என்றால் சின்னப் பசங்க சாமான்தானே" என்று யாராவது சொல்வார்கள். ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி நடப்பதே இந்த 4.5 மி.மீ. பெல்லட்டில்தான். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில். 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர், அதுவும் இதே போட்டி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போனதும் இதே காலிபரில். அந்த டார்கெட்டில் பத்து மார்க் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையால் வைத்த மாதிரி இருக்கும். ஒன்பதாவது வளையம் 5.5 மி.மீ. மொத்த டார்கெட்டும் 45.5 மி.மீ.தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தக் காகிதத்தை 10 மீட்டரில் மாட்டி ஒருமுறை நின்று பாருங்கள், சின்னப் பசங்க பேச்சு அப்புறம் வராது.

இனி நான் செய்த தப்பு. எனக்குத் துப்பாக்கி ஆசை ஆரம்பித்தது ஊட்டி தேர்த் திருவிழாவில் பலூன் சுடும் கடையில். அப்புறம் காலேஜில் என்சிசி, அங்கே .22-ல் ஐந்து ரவை கொடுப்பார்கள், படுத்துக்கொண்டு 25 கெஜத்தில் சுடவேண்டும். எங்களுக்குச் சுடச் சொல்லித் தந்த உஸ்தாத் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார், "டிரிகரை இழுக்காதடா, அமுக்கு." ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் விழுந்த ஒரு நாள் எனக்கு உண்டு, அந்தத் திமிர் ரொம்ப வருஷம் இருந்தது. அதனால் கோத்தகிரியில் வீடு கட்டிக் கொஞ்சம் காசு சேர்ந்ததும், இருப்பதிலேயே பவர் அதிகமாகப் போட்டிருந்த ஒரு ஏர் ரைஃபிளை, கூடவே ஒரு மலிவு ஸ்கோப்போடு, ஆன்லைனில் வாங்கினேன். குழலை மடக்கி லோடு பண்ணவே தோள் வலிக்கும். 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டால் ஒரு டீ சாஸர் அளவுக்குச் சிதறும். ஸ்கோப்பில் 10 மீட்டர் காகிதம் மங்கலாகத் தெரியும், ஏனென்றால் அந்த மாதிரி ஸ்கோப்கள் தூரத்து இலக்குக்கு ஃபோகஸ் வைத்தவை. மூன்று மாதத்தில் உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதறும், சாதாரண ஸ்கோப் அந்த உதறலைத் தாங்காது. கடைக்காரரிடம் கேட்டதற்கு "அது யூஸ் பண்ற விதத்துல இருக்கு சார்" என்று பதில் வந்தது.

காகிதத்தில் ஓட்டை போட பவர் எதற்கு? போட்டித் துப்பாக்கிகளே விநாடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெல்லட்டைத் தள்ளுகின்றன, கணக்குப் போட்டால் 8 ஜூல் பக்கம் வரும். பவர் ஏற ஏற ஸ்பிரிங் கனமாகும், உதறல் கூடும், பத்தாவது ஷாட்டிலேயே கை நடுங்கும். பழகுகிறவருக்கு மடக்குவதற்கு லேசான துப்பாக்கிதான் நல்லது, ஒரு நாளைக்கு அறுபது முறை மடக்கப்போகிறீர்கள்.

மலையில் இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். ஸ்பிரிங் துப்பாக்கி சுற்றியிருக்கும் காற்றை இழுத்து அமுக்கித்தான் பெல்லட்டைத் தள்ளுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதனால் மேட்டுப்பாளையத்தில் அளந்த வேகம் மேலே வந்தால் குறையும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பயந்து ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். 10 மீட்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, குறி பார்க்கும் சைட்டின் திருகை இரண்டு கிளிக் ஏற்றினால் தீர்ந்தது.

பிராண்டு கேட்டீர்கள். உள்நாட்டில் பிரிசிஹோல் இருக்கிறது, ஐஎச்பி ரொம்ப காலமாக இருக்கிறது, இன்னும் சில உண்டு. மாடல் பேர் சொல்லமாட்டேன், விலையும் வரத்தும் மாறிக்கொண்டே இருக்கும். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: குழலை மடக்கி மூடியபின் பக்கவாட்டில் ஆடுகிறதா, டிரிகர் ஒரே சீராக வருகிறதா அல்லது மணல் மாதிரி கரகரக்கிறதா, பின் சைட்டின் திருகு கிளிக் கிளிக் என்று நிற்கிறதா. பீப் சைட் பொருத்த இடம் இருந்தால் ரொம்ப நல்லது, போட்டிக்குப் போகிறவர்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் பார்க்கிறார்கள். பெல்லட் போடாமல் டிரிகரை அமுக்கிப் பார்க்காதீர்கள், ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது ஆகாது, பிஸ்டன் போய் முட்டும்.

துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இது எனக்கு விளங்க ஒரு வருஷம் ஆனது. என்சிசி-யில் தோளில் அழுத்திப் பிடிக்கச் சொல்லித் தந்திருப்பார்கள், .22 தோட்டாவுக்கு அது சரி. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே துப்பாக்கி அசைய ஆரம்பித்துவிடும், நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அழுத்தத்தில் பிடித்தால் பெல்லட்டும் வேறு வேறு இடத்துக்குப் போகும். இடது உள்ளங்கையில் சும்மா வைத்து, அதன் இஷ்டத்துக்கு உதற விடுங்கள். நான் இப்படி மாற்றிய அன்றைக்கே, ரெண்டாவதாக வாங்கிய அந்த சாதாரணத் துப்பாக்கியில், ஐந்து பெல்லட்டும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் நின்றன.

பெல்லட் கதைக்கு வருகிறேன், காசு போவது இங்கேதான். வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு 60 என்று வையுங்கள், வருஷத்துக்கு ஒன்பதாயிரம் தாண்டும். 500 பெல்லட் உள்ள டப்பா பத்தொன்பது. சாதாரண உள்நாட்டு பெல்லட் ஒன்று ஒரு ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும், இறக்குமதி மேட்ச் பெல்லட் அதைவிட ஏறும். அதாவது ஒரே வருஷத்தில் துப்பாக்கி விலையை பெல்லட் தொட்டுவிடும். அதனால்தான் பாதியை ஒதுக்கச் சொன்னேன். பேப்பருக்குத் தட்டை மூக்கு பெல்லட்தான் வாங்கவேண்டும், அது பஞ்ச் அடித்த மாதிரி வட்டமாக வெட்டும், வளையத்தைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வராது. கூர் மூக்கு பெல்லட் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போகும். இரண்டு மூன்று வகை டப்பா வாங்கி, உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்த்து, அப்புறம் அதையே மொத்தமாக வாங்குங்கள்.

ஈரம். ஜூன் வந்தால் கூடலூர்ப் பக்கம் ஊறும், அக்டோபரில் நம் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஊறும், பீரோவில் வைத்த பெல்ட் செருப்பெல்லாம் பூசணம் பூக்கும் ஊர் இது. நுரைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் குழலில் துரு ஏறிவிடும், பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பக்கம் துடைத்து, காற்று படும் அலமாரியில் பூட்டி வையுங்கள். பெல்லட் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த வெள்ளைத் தூள் விஷம், சுட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடக்கூடாது, என் வீட்டில் இதற்கு அம்மா போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

இடம் பெரிதாக வேண்டாம், 33 அடி போதும். என்னுடையது வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட்டிலிருந்து விறகுக் கொட்டாய் வரை. மரப்பெட்டி ஒன்றில் பழைய கம்பளி, துணியெல்லாம் இறுக்கி அடைத்து, அதற்குப் பின்னால் சாய்வாக ஒரு இரும்புத் தகடு, அதற்கும் பின்னால் மண் திட்டு. டார்கெட்டின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், போட்டியிலும் அதுதான் அளவு. பின்னால் தேயிலைத் தோட்டம் என்றால் அங்கே வைக்கவே வைக்காதீர்கள், செடிக்கு நடுவில் கொழுந்து எடுத்துக்கொண்டு குனிந்திருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

குரங்கை விரட்ட ஆகுமா, காட்டுப்பன்றிக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் துப்பாக்கி வந்துவிட்டது தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். ஆகாது. வேட்டைக்குக் கட்டுப்பாடு என்று 1879-லேயே தனிச் சட்டம் போட்ட மாவட்டம் இது, இப்போது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டெருமையும் கரடியும் வாசல் வரை வருகிற ஊரில் ஏர் ரைஃபிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஷோலாப் பக்கம் நடந்தால், பெல்லட் டார்கெட்டுக்குத்தான் என்று நீங்கள் சொல்வதை வனத்துறை வாட்ச்சர் நம்பவேண்டிய அவசியம் இல்லை. என்னை ஒருவர் நிறுத்தினார். துப்பாக்கி பையில்தான் இருந்தது, பில்லும் இருந்தது, இருந்தாலும் "அண்ணே, வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோங்க, ரோட்ல வேணாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

ஒரு வருஷம் இப்படிச் சுட்டபின் ஆசை அடங்காமல் இருந்தால் கோவையிலோ சென்னையிலோ ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து அங்கே இருக்கும் காற்றுச் சிலிண்டர் ரைஃபிளில் சுட்டுப் பாருங்கள். அதில் உதறலே இருக்காது, ஸ்பிரிங்கில் பழகிய கைக்கு ஏமாற்று வேலை மாதிரி தோன்றும். புதிதாக வாங்கினால் ஜெர்மன் சாமான் 2 லட்சம் தாண்டும், செகண்ட் ஹேண்டில் எடுத்தால் சிலிண்டரில் குத்தியிருக்கும் தேதியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், பத்து வருஷம் தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் விடமாட்டார்கள். என் மகள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறாள், மாதம் இரண்டு முறை பஸ்ஸில் கோவைக்கு இறங்குகிறோம். அவளுடைய பழைய ஸ்பிரிங் ரைஃபிள் சும்மாதான் இருக்கிறது. கோத்தகிரி வர முடிந்தால் வாங்குவதற்கு முன்னால் வந்து அதில் ஒரு டப்பா சுட்டுப் பாருங்கள், பெல்லட் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.