டயாலிசிஸ் வீடுகளும் கொரோனா இரண்டாம் அலையும்: கேள்வி பதில்

மே 2021. பதினாலு வருஷமா டயாலிசிஸ் டெக்னீஷியனா இருக்கேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி: 24-ம் தேதியிலிருந்து தளர்வில்லா ஊரடங்கு. அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். ரெண்டாக் குறைச்சுக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. கொரோனா வரலாம், வராமலும் போகலாம். டயாலிசிஸை விட்டா பொட்டாசியம் ஏறும், நெஞ்சுல நீர் கோர்க்கும். ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கட்கிழமை வர்றவங்களை எப்பவுமே கொஞ்சம் பயத்தோடதான் தராசுல ஏத்துவோம். ரெண்டு நாள் இடைவெளிக்கே அந்தப் பாடு. மருத்துவத்துக்குப் போகத் தடையில்லை. டயாலிசிஸ் நோட்டைக் கையிலேயே வெச்சிருங்க, போலீஸ் நிறுத்தினா காட்டுங்க.

கேள்வி: அம்மாவுக்கு ராத்திரி மூச்சு வாங்குது. கொரோனாவா, நீரா?

பதில்: ரெண்டும் ஒரே மாதிரி வரும்கா. ரெண்டுலயும் ஆக்சிஜன் அளவு இறங்கும். மல்லாந்து படுத்தா மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தா தேவலைன்னா, காலை அழுத்தினா குழி விழுந்தா, எடையும் ரெண்டு மூணு கிலோ ஏறியிருந்தா நீரா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா இதை வெச்சு வீட்டுலயே முடிவு கட்டாதீங்க. எந்த நேரமானாலும் யூனிட்டுக்கு போன் பண்ணிட்டுக் கிளம்புங்க. ஆக்சிஜன் 94-க்குக் கீழேன்னா நேரா எமர்ஜென்சி. காய்ச்சல் இருந்தா மறைக்காதீங்க. போன மாசம் எங்ககிட்ட ஒரு பெரியவர் மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிட்டு வந்து டயாலிசிஸ் பெட்ல படுத்துட்டார். முன்னாடியே சொல்லியிருந்தா கடைசி ஷிஃப்ட்ல தனியா ஒரு மெஷின் ஒதுக்கியிருப்போம்.

கேள்வி: எதிர்ப்புச் சக்திக்கு இளநீர், கபசுரக் குடிநீர், எலுமிச்சை ஜூஸ்?

பதில்: இளநீர் கூடவே கூடாது, அத்தனையும் பொட்டாசியம். கபசுரத்தை டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. கஷாயமானாலும் அது அன்னிக்குக் குடிக்கிற தண்ணிக் கணக்குல சேரும். எலுமிச்சை சாதத்துல பிழியலாம், டம்ளர் டம்ளரா ஜூஸ் வேண்டாம். சோடியம் குறைவுன்னு விக்கிற உப்பையும் வாங்காதீங்க. சோடியத்துக்குப் பதிலா அதுல பொட்டாசியம்தான் இருக்கும். காய்கறியிலயும் பொட்டாசியம் உண்டு, நறுக்கி ஊறவெச்சு, வேகவெச்ச தண்ணியைக் கொட்டிடுங்க. ரசத்துக்கு எடுத்து வெக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல போகவே மாட்டேங்குது!

கேள்வி: சார், டயாலிசிஸ் நடக்கிற நாலு மணி நேரமும் மாஸ்க் போடணுமா?

பதில்: ஆமா. டிபனை வீட்டுலயே முடிச்சிட்டு வாங்க.

கேள்வி: தடுப்பூசி போடலாமா?

பதில்: போடணும். ஃபிஸ்டுலா கையில, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வெச்சிருக்கிற கையில மட்டும் போட விடாதீங்க, மத்த கையை நீட்டுங்க. டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின்னு ஒரு மருந்து கொடுப்போம், அதனால டயாலிசிஸ் இல்லாத நாளாப் பார்த்துப் போனா நல்லது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காம ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க.