அப்பாவுக்கு வந்த மாரடைப்பு எனக்கும் வந்தே தீருமா?

கேள்வி: எனக்கு வயது 38. அப்பா 49 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். சித்தப்பாவுக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எனக்கு டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்றார்கள். சிகரெட் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான். பரம்பரையில் இருப்பது எப்படியும் வரும் என்றால் நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு எல்லாம் எதற்கு டாக்டர்?

பதில்: வந்தே தீரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்பாவை 49-ல் இழந்தவருக்கு அந்த வயது நெருங்க நெருங்க வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் இதயநோய் வந்திருந்தால் அதை நாங்களும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. 55,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களையும் வாழ்க்கை முறையையும் சேர்த்துப் பார்த்தார்கள். புகைக்காதது, உடல்பருமன் இல்லாதது, உடற்பயிற்சி, நல்ல உணவு, இந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்தவர்களுக்கு, மரபணு ரீதியாக அதிக ஆபத்தில் இருந்தாலும்கூட, ஒன்றோடு நின்றவர்களையும் ஒன்றுமே இல்லாதவர்களையும்விட இதயநோய் கிட்டத்தட்ட பாதிதான் வந்திருந்தது. உங்களைப் போன்றவருக்குத்தான் நடைப்பயிற்சியால் அதிக லாபம்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது 'இரண்டு மூன்றுதான்' என்பதில் உள்ள அந்தத் 'தான்'. இருபது சிகரெட்டுக்கு இருக்கும் ஆபத்தில் ஒன்றுக்கு இருபதில் ஒரு பங்குதானே இருக்கும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இதயத்திடம் அந்தக் கணக்கு செல்லாது. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 141 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இருபது பிடிப்பவருக்கு ஏறுகிற ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் ஏறியிருந்தது. கொஞ்சம் புகையே ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கவும், ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கவும் போதும். அதனால் குறைப்பது போதாது, முழுதாக விடுங்கள். விட்டு ஓராண்டிலேயே கூடுதல் ஆபத்து சுமார் பாதியாக இறங்கிவிடும், இவ்வளவு வேகமாகப் பலன் தருவது வேறு அதிகம் இல்லை.

டிரெட்மில் நார்மல் என்பது நல்ல செய்திதான், ஆனால் அதை உத்தரவாதச் சீட்டாக வைத்துக்கொள்ளாதீர்கள். குழாய் கணிசமாகச் சுருங்கி, ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனால்தான் அந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். பல மாரடைப்புகள் பெரிதாக அடைக்காத கொழுப்புப் படிவிலிருந்தே வருகின்றன: அதன் மேல் இருக்கும் மெல்லிய சவ்வு ஒருநாள் கிழிகிறது, அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, நேற்றுவரை திறந்திருந்த குழாய் கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்கிறது.

எனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். லைப்போபுரோட்டீன்-ஏ என்று ரத்தத்தில் இன்னொரு கொழுப்பும் இருக்கிறது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும், உங்கள் குடும்பத்துக்கு அது அவசியம். எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். அப்போது உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டியிருக்கும். வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் இருந்த 4,444 பேரில் ஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணங்கள் 30 சதவீதம் குறைந்தன.

நடைக்கு வாரம் 150 நிமிடம் போதும், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். 1950-களில் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளை ஆராய்ந்தவர்கள், நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்ததைக் கண்டார்கள். அவர்கள் யாரும் ஜிம்முக்குப் போகவில்லை.

அப்புறம், நெஞ்சில் பாரமோ இறுக்கமோ வந்து சில நிமிடங்களில் போகாவிட்டால், வியர்வையோடு கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், வாயுவாக இருக்கும் என்று காத்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் அதே அப்பாதானே.