வளையும் சூரியத் தகடு: வாங்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் விசைத்தறிக் கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கண்ணாடித் தகடுகளின் எடையை அது தாங்காது என்பதால், கூரையிலேயே ஒட்டிவிடும் வளையும் தகடுகளை விற்பனையாளர் பரிந்துரைக்கிறார். சிலிக்கானுக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்ற புதிய வகைப் படிகப் பொருளால் ஆன தகடுகள் வந்தால் விலை வெகுவாகக் குறையும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஒரு வாட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதை விட, உத்தரவாதக் காலம் முழுவதும் கிடைக்கும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 25 ஆண்டு உத்தரவாதமுள்ள கண்ணாடித் தகடு, தேய்மானம் போகவும், 30,000 யூனிட்டுக்கு மேல் தரும். 5 ஆண்டு உத்தரவாதமுள்ள வளையும் தகட்டிடம் நம்பிக் கேட்கக்கூடியது ஏறத்தாழ 7,000 யூனிட்தான். அது பாதி விலைக்கே கிடைத்தாலும் யூனிட்டின் அடக்கவிலை இரு மடங்கைத் தாண்டிவிடும். உண்மையில் அது பாதி விலைக்குக் கிடைப்பதும் இல்லை.

செயல்திறன், அதாவது தகட்டில் விழும் வெயிலில் மின்சாரமாக மாறும் பங்கு, குறைந்தால் இடமும் கூடுதலாகத் தேவை. 22 சதவீதத் தகட்டில் 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 50 சதுர அடி போதும். 10 சதவீதத் தகட்டுக்கு 100 சதுர அடிக்கு மேல் வேண்டும். ஒட்டும் கூலியும் கம்பிச் செலவும் அதற்கேற்பக் கூடும்.

பெரோவ்ஸ்கைட் பற்றிய நம்பிக்கை வெறும் பேச்சல்ல. 2009இல் ஜப்பானின் மியாசகா குழு 3.8 சதவீதச் செயல்திறனில் தொடங்கியது, இன்று ஆய்வகங்களில் 26 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. இன்றைய வழக்கமான தகடுகளில் உள்ள சிலிக்கானை உருக்க 1,414 டிகிரி வெப்பம் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டையோ மை போலப் பிளாஸ்டிக் படலத்தில் பூசி, 100 முதல் 150 டிகிரி வரையிலான சூட்டில் உலர்த்திவிடலாம். ஆனால் அந்தச் சாதனை அளவுகள் பெரும்பாலும் விரல்நகம் அளவுள்ள கலங்களில் எடுக்கப்பட்டவை. அதைவிட முக்கியமானது ஈரம். கண்ணாடி நீராவியை முற்றிலும் தடுக்கும், பிளாஸ்டிக் மெல்ல மெல்ல உள்ளே விடும், பெரோவ்ஸ்கைட்டோ ஈரம் பட்டால் சிதையும். அதைத் தடுக்கும் பல அடுக்குக் காப்புப் படலம் விலை உயர்ந்தது என்பதால், மையில் மிச்சமான பணத்தின் பெரும்பகுதி அந்த உறைக்கே போய்விடுகிறது. இந்தச் சிக்கல் தீரும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதற்காக இன்றைய மின்கட்டணத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் காத்திருப்பது நட்டம்.

உங்கள் கூரையில் ஒட்டவே கூடாது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒட்டிய தகட்டின் அடியில் காற்றோட்டம் இராது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் இழக்கும் என்பதால், 65 டிகிரியில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். பசை பிடிப்பதற்காகப் பழைய ஆஸ்பெஸ்டாஸைத் தேய்ப்பதும் துளையிடுவதும் நுரையீரலைக் கெடுக்கும் இழைகளைக் கிளப்பும். தறியில் நிற்பவர்கள் அதைச் சுவாசிப்பார்கள்.

எனவே, கூரையைத் தொடாமல் தரையிலிருந்து தூண்கள் எழுப்பி, கட்டுமானப் பொறியாளர் ஒருவர் சரிபார்த்த இரும்புச் சட்டத்தில் கண்ணாடித் தகடுகளைப் பொருத்துங்கள். படகின் மேல்தளம், வேனின் கூரை போன்ற, வேறு வழியே இல்லாத இடங்களுக்கு வளையும் தகடு பொருந்தும். அங்கும்கூட 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துச் சோதித்த சான்றிதழைக் காட்டச் சொல்லி, உத்தரவாத ஆண்டுகளை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.